வாடகை மலிவு! வாழ்க்கை?

"வீடு கிடைத்துவிட்டது, அண்ணே!"

"எங்கே?"

"கூடுவாஞ்சேரிக்கு உள்ளே. ஒன்பதாயிரந்தான் வாடகை. இரண்டு அறை, மொட்டை மாடி, நல்ல காற்று, நல்ல வெளிச்சம். ஊருக்குள்ளே இந்தப் பணத்துக்குக் கோழிக்கூடு கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்படியானால் நான் கெட்டிக்காரன்தானே?"

கெட்டிக்காரர்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். நண்பர் கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கடைசல் பிடிப்பவர். அவருடைய துணைவியார் புரசைவாக்கத்தில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே நாளைக் கழிப்பவர். ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. கும்பகோணத்துப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து வந்து, இரண்டாண்டுக் காலம் மைத்துனர் வீட்டில் ஒண்டியிருந்த குடும்பம். ஒண்டுக் குடித்தனத்தின் அருமை பெருமைகளை அனுபவித்தவர்களுக்குத்தான், தனி வீட்டுச் சாவி கைக்கு வரும்போது ஏற்படும் களிப்பு புரியும். பால் காய்ச்சிய அன்று நானும் போய் வாழ்த்திவிட்டுத்தான் வந்தேன்.

எட்டு மாதம் சென்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். முகத்திலே களை இல்லை. கையிலே மகளின் பழைய நோட்டுப் புத்தகம். அதன் பின்பக்கத்தைப் பிரித்து என் முன்னே வைத்தார். "அண்ணே, இந்தக் கணக்கைப் பாருங்கள். எங்கே தவறினேன் என்று கூறுங்கள்" என்றார்.

பார்த்தேன். கூட்டலில் தவறில்லை. அந்தக் கணக்கை அவருடைய இசைவோடு இங்கே அப்படியே எடுத்து வைக்கிறேன். பட்டணத்தில் வீடு தேடும் ஒவ்வொரு குடும்பமும் காணவேண்டிய கணக்கு அது.

வாடகை 9,000. இரவு பத்து மணிக்குப் பட்டறையை விட்டுக் கிளம்பினால், ரயிலைப் பிடித்து இறங்கிய பிறகு உள்ளே ஆறு கிலோமீட்டர் போகப் பேருந்து இல்லை. ஆகவே கிண்டிவரை மோட்டார் சைக்கிளிலேயே போக்குவரத்து. அதற்குப் பெட்ரோல் 3,200. துணைவியார் வீட்டிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து வீட்டுக்கும் ஷேர் ஆட்டோவில் போய்வர 1,600. மகளின் பள்ளிக்கு வேன் 2,000. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு; வாயில் வைக்க முடியாது. குடிக்கக் கேன், கோடையில் லாரித் தண்ணீருக்குப் பங்கு, எல்லாம் சேர்த்து மாதச் சராசரி 1,500.

மொத்தம் 17,300 ரூபாய்! ரயில் மாதச் சீட்டு இதில் சேரவில்லை. அது சிறு தொகை. மற்றதெல்லாம் ஏறிய நாளிலும் ஏழை எளியவரின் துணையாக நிற்பது அந்த மின்சார ரயில் ஒன்றுதான். அதைக் குறைகூற மனம் வராது.

ஒன்பதாயிரத்துக்கு வீடு பிடித்ததாக ஊரெல்லாம் பெருமை பேசிய கெட்டிக்காரர், பதினேழாயிரத்து முந்நூறு கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்பதை வாங்கியவர் ஒருவர். எட்டை வாங்கியவர்கள் பலர். பலருக்கும் சிறுகச் சிறுகக் கொடுத்ததால் வலி தெரியவில்லை!

பணத்தோடு போயிற்றா என்றால், இல்லை. கணக்கின் கீழே அந்தப் பெண், அப்பாவுக்குத் தெரியாமலே ஒரு வரி எழுதியிருந்தாள். 'அம்மா: போக 2 மணி, வர 2 மணி.' அவ்வளவுதான். நாளுக்கு நான்கு மணி நேரம். காலை ஆறரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறவர், கடையடைத்து, ரயிலேறி, ஆட்டோவுக்குக் காத்து நின்று வீடு சேர இரவு பதினொன்று. அப்பாவும் அந்நேரத்துக்குத்தான் வருகிறார். புதுமனைகளுக்கு நடுவே தெருவிளக்கு இல்லாத தெருவில், பதினான்கு வயதுப் பெண் மாலை ஐந்திலிருந்து இரவு பதினொன்றுவரை தனியாக இருக்கிறாள். நல்ல காற்று, நல்ல வெளிச்சம் என்றாரே, அந்தக் காற்றை வாங்க வீட்டில் ஆள் இல்லை!

மலிவான பேட்டை எது என்று கேட்பவர்கள் 'டூ-லெட்' பலகையைப் பார்த்துவிட்டு முடிவு கட்டுகிறார்கள். பலகை தெரிவிப்பது வீட்டுக்காரருக்குச் சேரவேண்டிய தொகையை மட்டுந்தான். பேருந்துக்கும் பெட்ரோலுக்கும், தண்ணீருக்கும் மருந்துக்கும், பள்ளிக்கும் சேரவேண்டியதை எந்தப் பலகையும் தெரிவிப்பதில்லை. அதை நாம்தான் கூட்டிப் பார்க்கவேண்டும். முன்பணம் கொடுத்த பிறகு கூட்டிப் பார்ப்பது, என் நண்பர் செய்தது.

அவரைமட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நகரமே அப்படித்தான் அவரை வெளியே தள்ளியது. 2011-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. கூடுவாஞ்சேரி அந்த எல்லைக்கும் அப்பால், செங்கற்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. ஆயினும் பேச்சிலே எல்லாம் 'சென்னை'தான். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, நிலையத்தைச் சுற்றி ஊர்கள் வளர்ந்தன. மாம்பலமும், சைதையும், தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையும் அந்தப் பாதையோடு சேர்ந்து வளர்ந்தவை. நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் வீடு என்பது அந்நாளைய கணக்கு. இப்போதோ நிலையத்தின் பெயரை விளம்பரத்தில் போட்டுவிட்டு, அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர் தள்ளி மனை போடுகிறார்கள். 'நிலையத்துக்கு மிக அருகில்' என்று எழுதியவர், எந்த வாகனத்தில் ஏறி அளந்தாரோ நாமறியோம்.

அடுத்து, தண்ணீர். இது இருமுனைக் கத்தி: கோடையில் இல்லாமல் வெட்டும், கார்த்திகையில் மிகுந்து வெட்டும்.

2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டியும் சோழவரமும், புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு வெடித்த ஆண்டு. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஜூலை 12-இல் ரயில் வந்து நின்றதே, எங்கே? வில்லிவாக்கத்தில்! அங்கிருந்து கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குப் போய், குழாய் வழியே ஊருக்குப் போயிற்று. மாநகராட்சிக் குழாய் உள்ள பழைய பேட்டைகளில் அப்போதும் மக்கள் குடத்தோடு நின்றார்கள், சண்டையிட்டார்கள், ஏசினார்கள். ஆனால் ஏதோ ஓர் அளவுக்கு நீர் வந்தது. குழாயே போடப்படாமல், லாரியை நம்பி எழுந்த பளபளப்பான அடுக்குமாடிகளில், நீச்சல் குளத்தைக் காட்டி வாடகை பேசியவர்கள், குளிக்கத் தண்ணீருக்கு லாரிக்காரரின் தொலைபேசியை எதிர்நோக்கிக் கிடந்தார்கள். ஆகவே வீடு பார்க்கப் போகும்போது கேட்கவேண்டிய முதற்கேள்வி, 'எத்தனை அறை?' என்பதன்று. 'மெட்ரோ தண்ணீர்க் குழாய் இந்தத் தெருவில் உண்டா? எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது?' என்பதே.

மழைக்கு வருவோம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும், வேளச்சேரியிலும், அடையாற்றின் கரையோரம் சைதையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீட்டுக்குள் படகு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது, பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் முடிச்சூரும் மறுபடி மிதந்தன. இயற்கையின் சீற்றம் என்கிறார்கள். பெயரையாவது படித்துப் பார்த்தார்களா? தாங்கல் என்றால் நம் தமிழில் நீர் தங்கும் இடம். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று முன்னோர் பெயர் வைத்தே எச்சரித்துவிட்டுப் போனார்கள். மேற்கு மாம்பலத்திலே ஏரியைப் பார்த்தபடி இருக்கும் சாலை என்ற பொருளில் லேக் வியூ சாலை என்று ஒன்று இன்றும் உண்டு, ஏரி இல்லை! தியாகராய நகரமே நெடிய ஏரியொன்றின் படுகையில் எழுந்த ஊர். ஏரி இருந்த இடத்தில் வீடு கட்டலாம். ஏரிக்கு வரும் தண்ணீருக்கு முகவரி மாறியதை யார் சொல்வது?

இதற்குப் பேட்டையின் பெயரை மட்டும் பார்த்துப் பயனில்லை. ஒரே பேட்டையில் ஒரு தெரு முழங்காலளவு மூழ்கும். அடுத்த தெருவில் பிள்ளைகள் பம்பரம் விடுவார்கள். வீட்டுக்காரரைக் கேட்டால், "நம்ம வீட்டுக்குள்ளே ஒரு சொட்டு வராதுங்க" என்பார். தெருமுனையில் துணி தேய்க்கும் பெரியவரைக் கேட்கவேண்டும். அவருக்கு வாடகை வரவேண்டியதில்லை. வண்டி எதுவரை முழுகிற்று என்று கையால் தொட்டுக் காட்டுவார். சுவரிலே பழைய தண்ணீர்க் கோடு தெரிகிறதா, சுண்ணாம்பு புதிதாக இடுப்பளவுக்கு மட்டும் அடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு நண்பரிடம் கேட்டேன்: "வடக்கே பார்த்தாயா, தம்பி?"

"எங்கே?"

"அயனாவரம், பெரம்பூர், வில்லிவாக்கம்…"

முகத்தைச் சுளித்தார். "வடசென்னையா? பெண் குழந்தையை வைத்துக்கொண்டா?"

இந்தச் சுளிப்பு இருக்கிறதே, அதற்கும் ஒரு விலை உண்டு. சென்னையிலே வடக்கென்றால் வாடகை குறைவாகவும், தெற்கென்றால் கூடுதலாகவும் இருப்பதற்கு, அந்தச் சுளிப்பும் ஒரு காரணம். திரையிலே அரிவாள் தூக்குகிறவன் எப்போதும் வியாசர்பாடிக்காரன், காதலிக்கிறவன் அடையாறுக்காரன். பார்த்துப் பார்த்து, கும்பகோணத்துக்காரருக்கும் பயம் வந்துவிட்டது.

உண்மை வேறு. 1918 ஏப்ரலில், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகிய சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு உருவானது. வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய மண் அது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் சங்கொலிக்கு எழுந்து, சங்கொலிக்கு உறங்கிய மக்கள் அவர்கள். 1955-இல் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை வந்தது. ரயில்வே பட்டறைகள் அதற்கும் முந்தியவை. மாதச் சம்பளக்காரர்களும், இரவு ஷிப்டு முடித்து வருகிறவர்களும் வாழ்ந்த இடமாதலால், நள்ளிரவிலும் தெருவில் ஆள் நடமாட்டம் உண்டு. தேநீர்க் கடை உண்டு. கூப்பிட்டால் கதவைத் திறக்கும் அண்டைவீடு உண்டு. பெண் குழந்தைக்குப் பாதுகாப்பு, ஆளரவமற்ற புதுநகரின் பூட்டிய கதவிலா, நான்கு பேர் பெயர் தெரிந்து அழைக்கும் பழைய தெருவிலா? 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டையில், ஆட்டோ ஓட்டுநரின் வீட்டில் வளர்ந்த பெண்தான்.

வடக்கு சொர்க்கம் என்று கூற வரவில்லை. கொடுங்கையூரில் நகரத்தின் குப்பை மலையாகக் குவிந்த வரலாறு உண்டு. மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலைப் புகை உண்டு. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தது, அதே மாதம் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். 2021 நவம்பர் மழையில் கொளத்தூரிலும் புளியந்தோப்பிலும் பெரம்பூரின் சில தெருக்களிலும் தண்ணீர் நின்றது. நான் கூறியது மணலியையன்று, எண்ணூரையுமன்று; அயனாவரம், பெரம்பூர், வில்லிவாக்கம் என்ற நடுவாந்திரப் பேட்டைகளை. அங்கும், தேய்க்கிற பெரியவரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இந்தக் குடும்பத்துக்கு அவை ஏன் பொருந்தும் என்றால், அம்மாவின் கடை புரசைவாக்கத்தில். அயனாவரத்திலிருந்து பேருந்தில் இருபத்தைந்து நிமிடம். 2021 மே மாதம் மகளிருக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் நீங்கியதால் அதற்குச் செலவுமில்லை. இலவசப் பேருந்து இருந்தும், பேருந்தே வராத நகருக்குக் குடிபோனால் அந்தச் சலுகையால் என்ன பயன்? அடுத்து, அவரிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை அயனாவரத்திலேயே இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில். மகள் நடந்துபோகும் தொலைவில் அரசுப் பள்ளி. காய்கறிக்கு மார்க்கெட்டு. இவற்றுக்கெல்லாம் வாடகை ரசீதில் இடமில்லை. மாதக் கடைசியில் பணப்பையிலே இடம் உண்டு.

இருவருக்கும் கிண்டியிலேயே வேலையாக இருந்திருந்தால், சைதாப்பேட்டையைப் பார் என்றிருப்பேன், ஆற்றங்கரைத் தெருக்களை விட்டுவிட்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவரை அயனாவரத்துக்கு அழைத்தால் அவர் என்னைச் சபிப்பார். எல்லோருக்கும் ஏற்ற பேட்டை ஒன்று இருப்பதாகக் கூறுவது தரகர் வேலை. அதற்கு ஒரு மாத வாடகை கூலி வேறு!

சரி, வேட்டை தொடங்கிற்று. மூன்று ஞாயிறு நானும் உடன் போனேன்.

முதலில், நண்பரின் ஆசைக்காக, ஊருக்கு நடுவே பெயர் பெற்ற ஒரு பேட்டைக்குப் போனோம். வாடகை இயலக்கூடியதாகவே இருந்தது. வீட்டுக்கார அம்மையார் இனிமையாகத்தான் பேசினார்.

"எந்த ஊரு?"

"கும்பகோணம் பக்கங்க."

"ஓ! நம்ம பக்கம். நீங்க என்ன ஆளுங்க?"

நண்பர் விழித்தார். நான் குறுக்கிட்டு, "உழைக்கிற ஆளுங்கம்மா" என்றேன்.

"அதில்லீங்க. வீட்டிலே கவிச்சி சமைப்பீங்களா?"

வாடகையும், முன்பணமும், விளக்குக் கட்டணமும் பேசுவதற்கு முன் சட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்! 'சைவம் மட்டும்' என்று பலகையிலேயே எழுதிவிடுகிறவர்கள் ஒருவகையில் நேர்மையானவர்கள்; நம் நடைக்கூலியாவது மிஞ்சுகிறது. எத்தனை தலைவர்கள் எத்தனை மேடைகளில் தொண்டை வறளப் பேசிய ஊர் இது! அந்த ஊரிலே, குடக்கூலிக்கு வந்தவன் மீன் குழம்பு வைப்பானா என்ற ஆராய்ச்சி இன்னமும் ஓயவில்லை. குனிந்து, குழைந்து, 'கவிச்சி சமைக்க மாட்டோம்' என்று பொய் கூறிக் குடிபோனால், மாதாமாதம் வாடகையோடு மானத்தையும் சேர்த்து எண்ணிக் கொடுக்கவேண்டும். நண்பர் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அயனாவரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பவர்களே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். இரண்டாம் ஞாயிறு ஒருவர் கேட்டார். மூன்றாம் ஞாயிறு நாங்கள் பார்த்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி. அவர் கேட்டது ஒன்றே: "சம்பளம் எத்தனாம் தேதி வரும்?"

முதல் மாடியில் ஓர் அறை, ஒரு கூடம், சிறு சமையற்கட்டு. கூடுவாஞ்சேரி வீட்டில் பாதி. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. வாடகை 14,000. நண்பர் மறுபடியும் திகைத்தார். நோட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். பெட்ரோல் 1,500, பேருந்துக்கு ஒன்றுமில்லை, வேன் இல்லை, குடிதண்ணீருக்குச் சில நாள் கேன் வாங்க 300. ஆக 15,800. மாதம் 1,500 மிச்சம். அம்மாவுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் மிச்சம். மாதம் இருபத்தாறு நாளைக்கு ஏறக்குறைய 80 மணி நேரம்; பத்து முழு வேலைநாள்!

முன்பணம் பேசுகையில், "பத்து மாதம், அதுதானே வழக்கம்" என்றார் வீட்டுக்காரர். வழக்கந்தான். ஆனால் சட்டம் வேறு. 2017-இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இருவரும் ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். இதை மெல்ல எடுத்துரைத்தேன். ரயில்வே சங்கத்தில் இருந்தவர் அல்லவா, சட்டம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து வாதாடினார். ஒரு மணி நேரம் பேசி, ஐந்து மாதம் என்று வந்து நின்றது. முழு வெற்றியல்ல, ஆனால் ஐந்து மாத வாடகை, அதாவது 70,000 ரூபாய், வட்டிக்கு வாங்காமல் தப்பியது.

மின்கட்டணத்தையும் அங்கேயே பேசித் தீர்த்தோம். ஒரே இணைப்பில் பல குடித்தனங்களுக்கு உள்மீட்டர் போட்டு, மின்வாரியம் வாங்குவதைவிடக் கூடுதலாக யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே விலை வைக்கும் வழக்கம் ஊரெங்கும் உண்டு. இங்கே தனி இணைப்பு, தனி அட்டை. எந்தப் பேட்டையானாலும் இதைப் பார்க்காமல் வாடகையை ஒப்புக்கொள்ளாதீர்கள். கோடையில் மின்விசிறி சுற்றும்போதுதான் அதன் வேறுபாடு தெரியும்.

குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. சென்ற வாரம் போயிருந்தேன். அம்மா வந்துவிட்டிருந்தார். மகள் கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, "மாமா, இப்ப போக 25, வர 25!" என்றாள். இடம் போதவில்லை, பீரோ இன்னும் மைத்துனர் வீட்டில்தான் கிடக்கிறது என்று நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். உள்ளதுதான்.

வேறொரு கவலையும் கூறினார். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத் தடம் பெரம்பூர், அயனாவரம் வழியாகப் போட்டிருக்கிறார்கள். "அது ஓட ஆரம்பிச்சா இந்த வாடகை நிக்காது, தம்பி" என்று வீட்டுக்காரர் இப்போதே காதில் போட்டுவைத்திருக்கிறாராம். ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதியிருக்கிறது. புதுப்பிக்கும்போது மூன்றாண்டுக்கு எழுதி, ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் அதிலேயே குறித்து வாங்கு என்று கூறியிருக்கிறேன். பெரியவர் ஒப்புவாரா என்பது அடுத்த தைக்குத் தெரியும்.